பிக்கப்ல எக்ஸ்ட்ரா லைட்: இண்டிகேட்டர் போட்டா மினுங்குது, பின் லேம்ப் ஃபியூஸ் அடிக்கடி போகுது

கே.ஆர். மார்க்கெட் லோடு:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி பொலேரோ பிக்கப், 12 வோல்ட். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருந்து ராத்திரியில காய்கறி ஏத்திட்டு பெங்களூரு வர்ற வண்டி. முன்னாடி பம்பர்ல 40 வாட் எல்இடி ரெண்டு, லோடு பாடிக்குள்ள 18 வாட் எல்இடி ஒண்ணு (இதைத்தான் பின் லேம்ப்னு சொல்றேன்) கடையில மாட்டியிருக்காங்க.

முதல் பிரச்சினை: இண்டிகேட்டர் போட்டா அதே தாளத்துக்கு முன் லைட் ரெண்டும் மங்கி மங்கி எரியுது, ஹெட்லைட்டும் கொஞ்சம் மங்குது. ரெண்டாவது: ரோடு மோசமா இருந்தா பின் லேம்ப் ஃபியூஸ் போயிடுது. 5 ஆம்பியர் போட்டிருந்தது. கடையில 20 போட்டுக்கச் சொல்றாங்க, போடலாமா? மூணாவது: லைட் போட்டா எஃப்எம்ல இரைச்சல். வேற நல்ல லைட்டா வாங்கி மாத்திடலாமா?

அல்சூர் ஆட்டோ எலக்ட்ரிக்:
லைட்டை மாத்தாதீங்க சார். 20 ஆம்பியர் ஃபியூஸ் கண்டிப்பா வேண்டாம். ஃபியூஸ் லைட்டைக் காப்பாத்த இல்ல, ஒயரைக் காப்பாத்தத்தான் இருக்கு. 18 வாட் லேம்ப் ஒன்றரை ஆம்பியர்தான் இழுக்கும். அதுக்கு 5 போதும், 3 போட்டாலும் நிக்கும். அப்படியும் போகுதுன்னா எங்கேயோ ஒயர் பாடியில உரசுது. 20 போட்டீங்கன்னா ஃபியூஸ் போறதுக்கு முன்னாடியே மெல்லிசு ஒயர் சூடாகி இன்சுலேஷன் உருகும்.

மினுங்கறது எர்த் கோளாறு மாதிரி இருக்கு, அதாவது கரெண்ட் பாட்டரி மைனஸுக்குத் திரும்பற வழியில கோளாறு. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசில வைங்க. இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட்டும் எக்ஸ்ட்ரா லைட்டும் எரியட்டும். சிவப்பு முனையை எல்இடியோட கருப்பு ஒயர் ஜாயின்ட்லயும் கருப்பு முனையை பாட்டரி மைனஸ்லயும் வைங்க. 0.2 வோல்ட்டுக்குக் கீழ வரணும். அடுத்து சிவப்பை பாட்டரி பிளஸ்லயும் கருப்பை எல்இடியோட பிளஸ் ஒயர்லயும் வைங்க. அங்க 0.5க்குக் கீழ வரணும். லைட் எரியாதப்ப அளந்தா கரெண்ட் ஓடாது, மீட்டர் எல்லாம் சரின்னுதான் காட்டும்.

கே.ஆர். மார்க்கெட் லோடு:
பார்த்தாச்சு அண்ணா. பிளஸ் பக்கம் 0.3. எர்த் பக்கம் 1.8, இண்டிகேட்டர் போட்டா 2.0 வரைக்கும் ஏறி இறங்குது. கருப்பு ஒயரை ஹெட்லைட் எர்த் வர்ற அதே போல்ட்லதான் முறுக்கியிருக்காங்க. பெயிண்ட் அடிச்ச பிராக்கெட் அது. இன்னொண்ணு, அந்த போல்ட்டைத் தொட்டா சுடுது.

அல்சூர் ஆட்டோ எலக்ட்ரிக்:
அந்த போல்ட்தான். கணக்கு பாருங்க: ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்து 9 ஆம்பியர், எல்இடி ரெண்டும் 6. மொத்தம் 15 ஆம்பியர் ஒரே போல்ட் வழியாத் திரும்புது. 1.8 வோல்ட் அங்க விழுதுன்னா 27 வாட் அந்த ஜாயின்ட்லயே சூடாப் போகுது. இண்டிகேட்டர் பல்பு 21 வாட், அதுவும் அதே வழியில வர்றதாலதான் அந்தத் தாளம். மலிவான எல்இடில வோல்டேஜ் இறங்கினா வெளிச்சமும் கூடவே இறங்கும். நல்ல டிரைவர் (எல்இடிக்குப் போற கரெண்டைச் சீரா வைக்கற சர்க்யூட்) உள்ள லேம்ப்னா மினுங்காம எரிஞ்சிருக்கும், ஹெட்லைட் மங்கறதை யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க.

முதல்ல பாட்டரி மைனஸைக் கழட்டிடுங்க. எல்இடிக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் கருப்பு ஒயரைத் தனியா இழுத்து, முனையில லக் (போல்ட்ல மாட்டற வளையம்) வச்சு அழுத்தி கிரிம்ப் பண்ணி, பாட்டரி மைனஸ்லயே கொடுங்க. ஹெட்லைட் எர்த் போல்ட்டைக் கழட்டி, பெயிண்ட்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிஞ்ச பிறகு ஸ்டார் வாஷர் போட்டு டைட் பண்ணுங்க. துரு பிடிக்காம மேல கிரீஸ் தடவுங்க. ஒயரை முறுக்கி டேப் சுத்தறது மட்டும் வேண்டாம், மழைக்காலத்துல உள்ளே பச்சை பூத்துடும்.

பிளஸ் எங்க இருந்து எடுத்திருக்காங்க? ரிலே (சின்ன கரெண்ட்ல பெரிய கரெண்டை ஆன் பண்ற ஸ்விட்ச்) இருக்கா?

கே.ஆர். மார்க்கெட் லோடு:
ரிலே இல்ல. ஹெட்லைட் ஒயரை நடுவுல வெட்டி ஜாயின்ட் போட்டிருக்காங்க.

அல்சூர் ஆட்டோ எலக்ட்ரிக்:
அப்ப அதையும் இப்பவே மாத்திடுங்க. ஹெட்லைட் ஸ்விட்சும் அதோட ஒயரும் கம்பெனி பல்புக்குத்தான் கணக்குப் பண்ணிப் போட்டது. கூட 6 ஆம்பியர் ஏத்தினா ஸ்விட்ச் கான்டாக்ட் கருகும்.

12 வோல்ட் 30 ஆம்பியர் நாலு பின் ரிலே, சாக்கெட்டோட ஜே.சி. ரோட்டுல கிடைக்கும். பாட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 10 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயோட 30ம் நம்பர் பின்னுக்கு. 87ல இருந்து ரெண்டு லைட்டுக்கும். 85 எர்த். 86க்கு கேபின் ஸ்விட்ச் வழியா பார்க்கிங் லைட் ஒயர்ல இருந்து சப்ளை. ரிலே காயில் கால் ஆம்பியர்கூட இழுக்காது, 0.75 ஒயர் தாராளம். பார்க்கிங் லைட் அணைஞ்சா இதுவும் அணையும், மறந்து விட்டு பாட்டரி இறங்காது. பார்க்கிங் ஒயர்தானான்னு டெஸ்ட் லேம்ப் வச்சுப் பார்த்துட்டு ஜாயின்ட் போடுங்க.

அஞ்சு பின் ரிலே கொடுத்தா நடுவுல இருக்கற 87ஏ பின்ல எதையும் மாட்டாதீங்க. அதுல லைட்டைக் கொடுத்தா ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கறப்பதான் எரியும். ஒயர் வாங்கறப்ப முனையை பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையா இருந்தா அலுமினியத்து மேல செம்புப் பூச்சு, வாங்காதீங்க.

சிவாஜிநகர் கராஜ்:
பின் லேம்ப் ஷார்ட்டைக் கண்டுபிடிக்க ஃபியூஸா வாங்கிப் போட்டுட்டே இருக்க வேண்டாம். ஃபியூஸைக் கழட்டிட்டு அந்த ரெண்டு முனையிலயும் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டுங்க. லேம்ப் கனெக்டரைப் பிடுங்கிட்டு ஸ்விட்சை ஆன் பண்ணுங்க. பல்பு எரியக் கூடாது. இப்ப கேபின்ல இருந்து ஆரம்பிச்சு ஒயரை ஒவ்வொரு முழமா ஆட்டிட்டே போங்க. எந்த இடத்துல பல்பு பளிச்சுன்னு எரியுதோ அங்கதான் ஷார்ட்.

பெரும்பாலும் கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவுலதான் இருக்கும். ரெண்டும் தனித்தனியா ஆடும், இழுத்துக் கட்டின ஒயர் அங்கதான் அறுபடும்.

கே.ஆர். மார்க்கெட் லோடு:
ரொம்ப நன்றி அண்ணா, அங்கேயேதான்! லோடு பாடி முன் தகட்டுல ஓட்டை போட்டு ஒயரை அப்படியே விட்டிருக்காங்க. ஓட்டை விளிம்புல ரப்பர் எதுவும் இல்ல. ஒயர் தோல் பிஞ்சு, செம்பு கருத்துப் போய், விளிம்புலயும் சின்னக் கருப்புப் புள்ளி இருக்கு.

சிவாஜிநகர் கராஜ்:
விளிம்பை அரத்தால ராவி, ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்புல மாட்டற வளையம்) போடுங்க. அடிபட்ட இடத்துல டேப் சுத்தாம அந்தத் துண்டையே மாத்துங்க. ஃப்ளெக்ஸிபிள் பைப்புக்குள்ள விட்டு, சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், கம்பெனி ஒயரிங் போற வழியிலயே சாணுக்கு ஒரு டை போட்டுக் கட்டுங்க. கேபினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு வளைவு தளர்வா விடணும்.

அந்த லேம்ப் கீழே, சரக்கு மேல மட்டும் விழற மாதிரி திருப்புங்க, ஓடறப்ப அணைச்சே வைங்க. பின்னாடி வர்றவனுக்கு வெள்ளை வெளிச்சம் தெரிஞ்சா மோட்டார் வாகன விதி 108ல மாட்டும்.

கே.ஆர். மார்க்கெட் லோடு:
எல்லாம் மாத்தியாச்சு. எர்த் பக்கம் இப்ப 0.08, மினுங்கறது நின்னுடுச்சு. எஃப்எம் இரைச்சல் குறைஞ்சிருக்கு, முழுசாப் போகல. இன்னொரு சந்தேகம்: முன் லைட்டை கிராஷ் கார்டு (பம்பருக்கு முன்னாடி மாட்டற இரும்பு கம்பி) வாங்கி அது மேல ஏத்தலாமா? கண்ணு கூசுதுன்னு எதிர்ல வர்றவங்க ஹெட்லைட்டை மாத்தி மாத்தி டிப்பர் அடிக்கறாங்க.

அல்சூர் ஆட்டோ எலக்ட்ரிக்:
இரைச்சல் லேம்ப் டிரைவர்ல இருந்து வர்றது. லேம்ப்புக்குப் பக்கத்துல ரெண்டு ஒயரையும் சேர்த்து ஃபெரைட் கிளிப் (ஒயர்ல வர்ற இரைச்சலை அடக்கற துண்டு) மாட்டுங்க, ஆன்டெனா ஒயர் பக்கத்துல லைட் ஒயர் போகாம பாருங்க. அப்பவும் நிக்கலேன்னா லேம்ப்பை மாத்தறதுதான் வழி.

கிராஷ் கார்டு வேண்டாம். 2017 டிசம்பர்லயே மத்திய அரசு அதுக்குத் தடை போட்டாச்சு. பம்பர்லயே, ஹெட்லைட்டை விடக் கீழ இருக்கட்டும். 3 மில்லிமீட்டர் தகட்டு பிராக்கெட், எம்8 போல்ட், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது). சாதா நட் அதிர்வுல தளர்ந்து லைட் மேல பார்க்க ஆரம்பிச்சுடும்.

டிப்பர் அடிக்கறாங்கன்னா காலி வண்டியில அட்ஜஸ்ட் பண்ணியிருப்பாங்க. லோடு ஏத்தினா பின்பக்கம் அமுங்கி முன் வெளிச்சம் மேல போகும். வழக்கமா ஏத்தற லோடோட, சமதளத்துல, சுவத்துக்கு 7.5 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. லைட் நடு உயரத்தை சுவத்துல சாக்பீஸால கோடு போட்டு, வெளிச்சத்தோட மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழ வர்ற மாதிரி சாய்ச்சு டைட் பண்ணுங்க. மேல் விளிம்பே தெரியாம சுவர் முழுக்கப் பரவினா அந்த லைட்டை டவுன் ரோட்டுல போடாதீங்க. 2024 ஜூலையில இருந்து கர்நாடகா போலீஸ் கண்ணு கூசற எல்இடிக்குன்னே கேஸ் போடறாங்க.

கே.ஆர். மார்க்கெட் லோடு:
சரி அண்ணா. நாளைக்கு ராத்திரி லோடு ஏத்தினதும் சுவர் பார்த்து வச்சுடறேன்.