பேஸ் கிட்டாருக்கு எத்தனை மில்லி பிக் சரியாக இருக்கும்?

கோபி_நாலுகம்பி

எல்லாருக்கும் வணக்கங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு லைட் மியூசிக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். இதற்கு முன்னால் ரிதம் கிட்டார்தான். பேஸ் வாசித்த அண்ணனுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டதால் போன தையிலிருந்து இந்த நாலு கம்பி என் தோளில் தொங்குகிறது. மெலடிப் பாட்டு என்றால் விரலால் சமாளித்துவிடுவேன். ஆனால் மாரியம்மன் நோம்பிக்குப் போனால் பாதிக்கு மேல் குத்துப் பாட்டுதான் கேட்கிறார்கள், ரிதம் பேடு வாசிப்பவர் வேகமெடுத்தால் என் விரல் பின்தங்குகிறது, அதனால் பிக்கில் (கம்பியை மீட்டுகிற சின்ன பிளாஸ்டிக் தகடு) வாசிக்கலாம் என்று கிட்டாருக்கு வைத்திருந்த அதே ஆரஞ்சு கலர் 0.60 மில்லிமீட்டர் தடிமன் பிக்கை எடுத்தேன். வேகம் வந்துவிட்டது. ஆனால் மொபைலில் எடுத்த வீடியோவைக் கேட்டால் 'டிக் டிக்' என்று பிக் கம்பியில் படுகிற சத்தம்தான் வருகிறது, அடியில் இருக்க வேண்டிய 'தும்' காணோம். இருப்பதிலேயே தடிமனான ஈ கம்பியில் அடித்தால் பிக் வளைந்து நின்று கொஞ்சம் தாமதமாக விடுபடுவது கையிலேயே தெரிகிறது.

கடையில் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, கலரைப் பார்த்து எடுத்துக்குங்க" என்கிறார்கள். ஆன்லைனில் ஒரே அளவாகப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள், தப்பான அளவை வாங்கிவிட்டால் காசு போச்சு. எந்த மில்லியில் ஆரம்பிப்பது? இன்னொன்று, பங்குனி வெயில் இறங்கின பிறகும் மேடையில் வேர்வை நிற்பதில்லை, பிக் விரலுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதற்கும் வழி சொல்லுங்க. என்னிடம் இருப்பது செகண்ட் ஹாண்டில் வாங்கிய பேஸ், ரவுண்ட்வவுண்ட் கம்பி (மேலே உருண்டைக் கம்பி சுற்றியது), 45-105 செட்.

பழைய_ஆர்கெஸ்ட்ரா

தம்பி, ஒரு மில்லியில் ஆரம்பிங்க. நீங்கள் வைத்திருக்கும் ஆரஞ்சு பிக் டன்லப் கம்பெனியின் டார்டெக்ஸ் வகை என்றால் அதிலேயே நீலம் 1.0, ஊதா 1.14. இந்த இரண்டுக்குள் உங்கள் பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்துவிடும். பச்சை 0.88 சிலருக்குப் பிடிக்கும், ஆனால் 105 கம்பியில் குத்துப் பாட்டுக்கு அது போதாது என்பது என் கருத்து.

மெல்லிய பிக்கில் என்ன நடக்கிறது என்றால், கம்பி நகர்வதற்கு முன்னால் பிக் வளைந்துவிடுகிறது, நீங்கள் கொடுக்கிற பலம் கம்பிக்குப் போகாமல் பிக்கிலேயே தங்கி, அது சடக்கென்று நிமிரும்போது 'டிக்' என்று கேட்கிறது. நீங்கள் சொன்ன தாமதமும் அதேதான். ரிதம் கிட்டாரில் ஆறு கம்பியையும் வருடிக்கொண்டு போக அந்த வளைவு வசதி. பேஸில் ஒரே கம்பியை அசைத்தாக வேண்டும்.

ஆனால் மொபைல் வீடியோவை வைத்து முடிவுக்கு வராதீங்க. பேஸின் திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது, மேலே இருக்கிற டிக்கு மட்டும்தான் வரும். நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேளுங்க, இல்லையென்றால் ரிகர்சலில் நண்பர் யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பத்தடி தள்ளி நின்று கேளுங்க. பேஸ் பிளேயருக்குத் தன் சத்தம் கடைசியில்தான் சரியாகக் கேட்கும்.

பிக்கை நுனியில் பிடிக்கிறீர்களா, நடுவிலா? கிட்டார்காரர்கள் நிறைய நீட்டிக்கொண்டு பிடிப்பார்கள். நாலைந்து மில்லி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி உள்வாங்கிப் பிடித்துப் பாருங்க, அதே 0.60 கூட கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். அப்புறம் கோணம். ரவுண்ட்வவுண்ட் கம்பியில் பிக் சாய்ந்திருந்தால் சுற்றுக்கம்பியின் மேல் அரம் போட்டது போலக் கரகரக்கும், பிக்கின் முகம் கம்பிக்கு நேராக இருந்தால் அது அடங்கும். பிரிட்ஜை (பாடியில் கம்பி முடிகிற இடம்) ஒட்டி அடிக்காதீங்க, அங்கே கம்பி விறைப்பு, சத்தமும் மெல்லிசு. பிக்கப்புக்கு (கம்பிக்கு அடியில் சத்தத்தை எடுக்கிற காந்தப் பட்டை) மேலே, கழுத்துப் பக்கமாக ஒரு அங்குலம் தள்ளி அடியுங்க. இதெல்லாம் செய்தும் டிக்கு எடுப்பாக இருந்தால் சவுண்ட் செட்காரரிடம் சொல்லி 2, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்க. அவர் வழக்கம்போல பேஸ் குமிழைத் திருகினால் டிக்கும் இருக்கும், மேடையும் அதிரும்.

விரல்கட்சி

பிக்கில் வாசித்தால் அது பேஸ் இல்லைங்க, கனமான கிட்டார். ஒரு மாதம் மெட்ரோனோம் (தாளம் தட்டுகிற கருவி) போட்டு இரண்டு விரலை மாற்றி மாற்றி பழகுங்க, வேகம் தானாக வரும்.

பழைய_ஆர்கெஸ்ட்ரா

@விரல்கட்சி ஏனுங்க, பால் மெக்கார்ட்னி, யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்கொயர் எல்லாம் பிக்கில் வாசித்தவர்கள்தானே. கேரல் கேய் 1963-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் பேஸைக் கையில் எடுத்ததிலிருந்து பிக்தான். பிரிட்ஜ் பக்கம் கம்பிகளின் மேல் ஒரு கம்பளித் துண்டை வைத்துக்கொண்டு வாசிப்பார், நோட் நீளாமல் கொழுக்கென்று நிற்கும். திருப்பூர்க்காரர்கள் யாராவது இருந்தால் பனியன் வேஸ்டை மடித்துக் கம்பிக்கு அடியில் செருகிப் பாருங்க, அதே வேலையைச் செய்யும். விரல் பழக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, அந்தத் தம்பிக்கு நோம்பி அதுவரை காத்திருக்காது.

பட்டறைக்காரன்

நான் கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை, ஞாயிற்றுக்கிழமை பேஸ். மேலே அண்ணன் சொன்னதற்கு அளவுக்கணக்கு மட்டும் சேர்க்கிறேன்.

கம்பி பாக்கெட்டில் 105 என்று போட்டிருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. மில்லியில் 2.67. உங்கள் பழைய கிட்டாரின் தடிமனான ஈ கம்பி பெரும்பாலும் 46 இருக்கும், அது 1.17 மில்லி. பேஸில் மெல்லிய ஜி கம்பியே 45, அதாவது 1.14. கிட்டாரில் எது தடிமனோ, பேஸ் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. கிட்டார் பிக்கைக் கொண்டுவந்து இதில் அடித்தால் வளையாமல் என்ன செய்யும்?

இன்னொன்று, விறைப்பு தடிமனோடு நேராக ஏறாது. ஒரே பொருள், ஒரே வடிவம் என்றால் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. 0.60-இலிருந்து 1.0-க்குப் போனால் சுமார் நாலரை மடங்கு. 0.88-க்கும் 1.0-க்கும் நடுவில் ஒன்றரை மடங்கு வித்தியாசம், கையில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஒன்றரை மில்லிக்கு மேல் போனால் கை பலத்துக்கு எதுவும் வளைவதில்லை, அங்கே 2, 3 என்று ஏற்றிக்கொண்டு போவதில் அர்த்தம் குறைவு, ஓரம் எப்படித் தேய்த்திருக்கிறார்கள் என்பதுதான் சத்தத்தை மாற்றும். ஓரம் கூர்மையாக இருந்தால் தெளிவு, உருண்டிருந்தால் சத்தம் மங்கல்.

காசு போடுவதற்கு முன்னால் சோதிக்க ஒரு வழி. காலாவதியான ஏடிஎம் கார்டு 0.76 மில்லி, எல்லா பேங்க் கார்டும் உலகம் முழுக்க அதே அளவு, வெர்னியர் வைத்தும் பார்த்தாச்சு. சிப்பு, எம்போஸ் எழுத்து இல்லாத இடமாகப் பார்த்துக் கத்தரியால் ஒரு முக்கோணம் வெட்டுங்க (எண் இருக்கிற துண்டைத் தனியாகப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டுவிடுங்க). ஓரத்தை 400 நம்பர் வாட்டர் பேப்பரில் (நைசான உப்புத்தாள்) உருட்டி, அப்புறம் 1000-இல் வழவழப்பாக்குங்க. பேப்பரைத் தட்டையாக வைத்து அதன் மேல் பிக்கைத் தேய்க்கணும், கையில் பிடித்துக்கொண்டு சுரண்டினால் ஓரம் பல்லுப்பல்லாகிவிடும். இன்னொன்று வெட்டி, இரண்டு துண்டை ஃபெவிக்விக்கில் ஒட்டி ஒரு இரவு கனமான எதற்காவது அடியில் வைத்தால் ஒன்றரை மில்லி. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தாலே உங்களுக்கு எந்தப் பக்கம் போகணும் என்று தெரிந்துவிடும். தொடர்ந்து வாசிக்க அதையே வைத்துக்கொள்ளாதீங்க, கார்டு பிவிசி, ரவுண்ட்வவுண்ட் கம்பி அதைச் சீக்கிரம் தின்றுவிடும், நுனி வெளுத்துப் பிசிறடிக்கும்.

வேர்வைக்கு: பெரிய முக்கோண வடிவ பிக் வாங்குங்க, ஃபெண்டரில் 346 என்று வரும். பிடிக்க இடம் எச்சு, ஒரு மூலை தேய்ந்தால் அடுத்த மூலை. வழுக்கினால் விரல் படும் இடத்தில் மட்டும் 80 உப்புத்தாளில் குறுக்கும் நெடுக்குமாகச் சொரசொரப்பாக்குங்க. நடுவில் ட்ரில் போட்டு ஓட்டை வைத்தாலும் விரல் சதை பதிந்து நிற்கும், 5 மில்லி பிட்டு போதும், பின்பக்கம் மரக்கட்டை வைத்து மெதுவாக இறக்கணும்.

ஆல்டோ_ஈரோடு

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஈரோட்டில் எங்கள் சர்ச் கொயருக்குப் பேஸ் வாசிக்கிறேன். எல்லாரும் தடிமனுக்கே போகச் சொல்கிறீர்கள், அது குத்துப் பாட்டுக்குச் சரி. என் பேஸில் ஃபிளாட்வவுண்ட் கம்பி (மேலே தட்டைக் கம்பி சுற்றி வழவழப்பாக இருக்கும்), அறையும் சின்னது, அங்கே ஒன்றரை மில்லி பிக்கை எடுத்தால் ஒவ்வொரு நோட்டும் தூண் மாதிரி நிற்கும், பாடுகிறவர்கள் அமுங்கிப்போவார்கள். நான் 0.73 நைலான்தான் வைத்திருக்கிறேன். ஃபிளாட் கம்பியில் மேல்சத்தம் ஏற்கெனவே குறைவு, மெல்லிய பிக் தருகிற அந்தச் சின்ன டிக்குதான் நோட் எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்டுகிறது. நீங்கள் எல்லாம் குறை என்று சொல்வது எனக்குத் தேவைப்படுகிறது.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. மில்லி ஒன்றாக இருந்தாலும் பொருள் மாறினால் கை வேறு மாதிரி உணரும். நைலான் 1.0 டார்டெக்ஸ் 1.0-ஐ விட நல்ல மெத்து. அல்டெக்ஸ் என்ற பொருள் டார்டெக்ஸை விட விறைப்பு, அதில் 0.88 எடுத்தாலே தாராளம். அதனால் பாக்கெட்டில் எண்ணை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீங்க தம்பி, பொருள் பெயரையும் பாருங்க. பல அளவு கலந்த வெரைட்டி பாக்கெட்டும் வருகிறது, ஆரம்பத்துக்கு அதுதான் சிக்கனம்.

ரொம்பத் தடிமனில் இன்னொரு தொல்லை, மேல் அடி. கீழே அடிக்கும்போது தெரியாது, திரும்பி மேலே வரும்போது பிக் கம்பியில் மாட்டிக்கொண்டு நோட் நொண்டும். வேகத்துக்காகத்தானே பிக்குக்கு வந்தீர்கள்.

பழைய_ஆர்கெஸ்ட்ரா

அம்மணி சொல்வது சரிதானுங்க. நான் ரவுண்ட்வவுண்ட், திறந்தவெளி மேடை என்ற கணக்கில் பேசினேன். மேல் அடி மாட்டுவதற்கு, பிக்கின் நுனி மட்டும் கம்பியைத் தொட்டால் போதும் என்று பழகணும், ஆழமாக விட்டால் எந்தத் தடிமனிலும் மாட்டும்.

கோபி_நாலுகம்பி

எல்லாருக்கும் நன்றிங்க. கார்டு வெட்டிப் பார்த்துவிட்டேன். ஹெட்போனில் கேட்டால் 0.60-இலேயே அடிச்சத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ஒட்டின கார்டுக்கு மாறினதும் ஈ கம்பி வேறு கருவி மாதிரி கேட்கிறது, அந்தத் தாமதமும் இல்லை. அக்கா சொன்ன மாதிரியே மேல் அடியில்தான் மாட்டுகிறது. ஒற்றைக் கார்டில் மாட்டவில்லை, ஆனால் பலமாக அடித்தால் மறுபடி டிக்கு. அதனால் டார்டெக்ஸ் 1.0 முக்கோணம் ஆர்டர் போட்டாச்சு.

கடைசியாக ஒன்று. எங்கள் கீபோர்டு அண்ணன் ஐந்து கம்பி பேஸ் வாங்கச் சொல்லி நச்சரிக்கிறார். அந்த பி கம்பிக்கும் இதே பிக் தாங்குமா, இன்னும் தடிமன் வேண்டுமா?

பட்டறைக்காரன்

பி கம்பி வழக்கமாக 130, மில்லியில் 3.3. திறந்த நோட் 31 ஹெர்ட்ஸ். 1.0 தாங்கும், 1.14 இன்னும் சௌகரியம், 1.5-க்கு மேல் வேண்டாம். அந்தக் கம்பியில் பிரச்சினை பிக்கை விடக் கை பலம்தான். மற்றதை விடக் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், ஓங்கி அடித்தால் முதலில் சுருதி ஏறி அப்புறம்தான் இறங்கி உட்காரும், பி கம்பி வாங்கச் சொன்ன அதே கீபோர்டு அண்ணன் திரும்பி முறைப்பார். மெதுவாக அடித்து ஆம்பில் வால்யூமை ஏற்றிக்கொள்ளுங்க. வாங்குவதற்கு முன்னால் கடையில் அந்த ஒரு கம்பியை மட்டும் உங்கள் பிக்கில் வாசித்துப் பாருங்க, விலை குறைந்த ஐந்து கம்பி பேஸ் நிறையவற்றில் பி கம்பி நோட்டே தெளிவாக வராது.