ஒன்பது நாளாகியும் உருஷி காயவில்லை

ஜப்பானில், மாட்சுமோட்டோவில் இருக்கிறேன். கெயாகி மரத்தில் மூன்று இழுப்பறை வைத்த சின்னத் தான்சு (ஜப்பானிய மரப்பேழை) ஒன்று செய்து, ஃபுகி-உருஷி முறையில், அதாவது உருஷி மரத்துப் பாலைத் துணியால் தேய்த்து உடனே துடைத்து, பூச்சுப் பூச்சாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நவம்பரில் போட்ட முதல் இரண்டும் ஒரே நாளில் இறுகிவிட்டன. ஜனவரி 10-ல் போட்ட மூன்றாவதில் இன்றைக்கும் விரல் வைத்தால் ரேகை பதிகிறது, மூலைகளில் தேன் மாதிரிப் பிசுபிசுப்பு.

உருஷி இறுக ஈரக்காற்று வேண்டும் என்பதால், தான்சுவைக் காயவைக்கும் பெட்டிக்குள் நனைத்த துண்டு தொங்கவிட்டு ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். ராத்திரி 8 டிகிரிக்கு இறங்குகிறதே என்று மூன்று நாளாக அடியில் மின்விரிப்பு போட்டு 22-ல் நிறுத்தியும் பார்த்தாயிற்று, மாற்றமே இல்லை. டர்பன்டைன் கலந்தது மூன்று பூச்சுக்கும் ஒரே அளவுதான். ஆனால் முதல் டியூப் தீர்ந்துபோய், மூன்றாவதுக்கு அலமாரியில் இரண்டு வருடமாகக் கிடந்ததை எடுத்தேன். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி வைத்ததும் காயவில்லை. இதற்கு நடுவில் மணிக்கட்டில் பட்டு, சேராங்கொட்டைப் பால் பட்டதுபோல் கொப்புளம் வேறு.

இந்தப் பூச்சை டர்பன்டைனால் முழுக்கத் துடைத்தெடுத்துவிட்டுப் புது உருஷி போடலாமா, இல்லை இன்னும் விட்டுவைத்தால் இறுகுமா?