அப்பா சொன்ன படகில்லாத ஏரி எது? கொடைக்கானல் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தஞ்சாவூர்ப் பையன்:
அப்பாவுக்கு 71 வயது, லாரி ஓட்டியவர். 80களில் கொஞ்ச காலம் கொடைக்கானல் காட்டுக்குள்ளிருந்து மர லோடு ஏற்றியிருக்கிறார். போன மாதம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "அந்த ஏரியை இன்னொரு தடவை பார்க்கணும்டா" என்றார். பெயர் நினைவில்லை. படகு கிடையாது, கடை கிடையாது, சுற்றிலும் காடு, வழியில் கேட் போட்டுச் சீட்டு கேட்பார்கள், வண்டியை அணைத்தால் காது அடைத்த மாதிரி இருக்கும், இவ்வளவுதான் சொல்கிறார். ஊருக்கு நடுவில் உள்ள ஏரிக்குப் போன வருஷம் கூட்டிப்போனேன். குதிரை, சைக்கிள், ஹாரன் சத்தம். ஐந்தே நிமிடத்தில் "இது இல்லை, போகலாம்" என்று காரில் ஏறிவிட்டார். அவர் சொல்வது எந்த ஏரி? அதிகம் நடக்க முடியாது அவரால். ஊட்டிப் பக்கம் அவலாஞ்சிக்குப் போ என்கிறார் ஒரு நண்பர், அது சரிவருமா?

பண்ணைக்காடு:
சந்தேகமே வேண்டாம், பெரிஜம். டவுனிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் அதிக உயரம். மோயர் பாயிண்ட் பக்கம் வனத்துறை கேட் இருக்கிறது, அதைத்தான் சொல்லியிருப்பார். இன்றும் வனத்துறை அனுமதிச் சீட்டு இல்லாமல் விடமாட்டார்கள், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு, அதனால் காலையிலேயே போய் வாங்கிவிடுங்கள், மதியம் 3 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஏரிக்கரை வரை கார் போகும், அப்பாவுக்கு நடை இல்லை. அப்புறம், மலைக்கு வரவே இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் நடைமுறையில் இருக்கிறது.

யானை இறங்கினால் முன்னறிவிப்பே இல்லாமல் பாதையை மூடிவிடுவார்கள். அப்படி ஆனால் மனம் தளர வேண்டாம், பூம்பாறை வழியாக மன்னவனூர் போங்கள், படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காகப் பூண்டு வயல், அதைத் தாண்டிப் புல்வெளிக்கு நடுவில் ஒரு ஏரி. அங்கே பரிசல் உண்டு, ஆனாலும் டவுன் அளவுக்குக் கூட்டம் இருக்காது.

உங்கள் அப்பா ஏற்றிய லோடு அநேகமாக வாட்டில் மரமாக இருக்கும். தோல் பதனிட அதன் பட்டை வேண்டும் என்று புல்வெளி மேலேயே நட்டு வளர்த்தார்கள். புல்லும் சோலைக் காடும் சேர்ந்துதான் மழையைப் பிடித்து வைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும், அந்தப் புல் போன இடத்தில் ஓடைகள் இளைத்துப்போனதை நானே பார்த்திருக்கிறேன். அவரைக் குறை சொல்லவில்லை, வயிற்றுப்பாட்டுக்கு ஓட்டினார். அன்று அந்தச் சரிவுகள் எப்படி இருந்தன என்று அவரிடம் கேட்டு இங்கே எழுதுங்கள், அதைச் சொல்ல ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

குன்னூர்க்காரி:
அவலாஞ்சி அழகுதான், நான் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் அப்பா தேடும் இடம் அது இல்லையே. அது குந்தா மின் திட்டத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கம், பக்கத்துக் காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் கூட்டிப்போவார்கள், நினைத்த இடத்தில் நிறுத்தி உட்கார முடியாது. தென்மேற்குப் பருவமழையில் அந்தப் பக்கமே வேண்டாம். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய இடம். அப்பா கேட்ட ஏரிக்கே கூட்டிப்போங்கள் தம்பி.

தஞ்சாவூர்ப் பையன்:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. பெரிஜம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "போற வழியில மதிகெட்டான் சோலை வரும், உள்ளே போனவனுக்குத் திசை தெரியாது, கிளீனர் பையன் பயந்து கண்ணை மூடிக்குவான்" என்று கதையெல்லாம் சொல்கிறார். ஒரே ஒரு கேள்வி. கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாமா? தண்ணீரில் கால் நனைக்க விடுவார்களா?

பெரியகுளம்:
நனைக்க வேண்டாம் தம்பி. அது எங்கள் ஊர்க் குடிநீர். சதுப்பாகக் கிடந்த இடத்தில் கரை கட்டித் தேக்கிய ஏரி அது, அங்கிருந்து இறங்கி வரும் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். படகு விடாதது, கடை வைக்க விடாதது, வண்டியை எண்ணி விடுவது எல்லாம் அதனால்தான். "எவ்வளவு நல்ல இடம், ஒரு போட் ஹவுஸ் கட்டினால் என்ன" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும், கட்டியிருந்தால் உங்கள் அப்பா நினைத்துக்கொள்ள அங்கே என்ன இருந்திருக்கும்? சாப்பாட்டைக் கேட்டுக்கு வெளியே முடித்துவிடுங்கள், மிச்சம் மீதியைப் போட்டால் குரங்கும் காட்டுமாடும் பழகிவிடும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் கொண்டுபோங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் தாங்காது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எங்கள் பக்கம் மழை. ஜனவரிக் கடைசி, பிப்ரவரியில் ஒரு வார நாளாகப் பார்த்துப் போங்கள், விடியற்காலைக் குளிர் எலும்பைப் பிடிக்கும், முழங்காலுக்குக் கம்பளிப் பட்டை கட்டிவிடுங்கள். பத்து மணிக்கு வெயில் ஏறி மூடுபனி விலகும்போது கரையில் இருந்தால் போதும். வண்டியை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் சும்மா உட்காருங்கள்.

தஞ்சாவூர்ப் பையன்:
சரிங்கண்ணா, காலை நனைக்க மாட்டோம். பிப்ரவரி முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. அப்பாவே நாள் குறித்துவிட்டார். மலை ஏறும்வரை தானே ஓட்டுகிறேன் என்கிறார், அதற்கு மட்டும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.