புதுப்பிப்பு: ஜிப்ஸியின் ஸ்டீயரிங் ஆட்டம் நின்றது

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், என் பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்பின் ஸ்டீயரிங் பயங்கரமாக ஆடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். வீல் பேலன்ஸ் பாருங்கள், ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாற்றுங்கள் என்று பலர் சொன்னீர்கள். பேலன்ஸ் சரியாகத்தான் இருந்தது. டேம்பர் மாற்றினால் ஆட்டம் குறையும், நோய் போகாது என்பது என் கட்சி.

விடை: கிங்பின் பேரிங், அதாவது முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சைத் தாங்கும் பேரிங். முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லூஸ் தெரிந்தது. மச்சானை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினேன். வீல் பேரிங் தேய்ந்திருந்தால் பிரேக் பிடித்ததும் லூஸ் மறையும். இங்கே மறையவில்லை, ஆகவே கிங்பின்தான்.

ஆக்ஸில் முனையில் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் நக்கிளைப் பிரித்தால் உள்ளே கிரீஸ் கஞ்சியாகிக் கிடந்தது. ஆயில் கசியாமல் தடுக்கும் ஆக்ஸில் சீல் போய், கியர் ஆயில் கலந்திருக்கிறது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பேரிங், கூடவே சீல்கள், எல்லாம் புதிது போட்டாயிற்று. பிரிக்கும்போது மேல் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எது, கீழ் ஷிம் எது என்று குறித்து வையுங்கள். ஷிம்மை எடுத்தால் பேரிங் இறுகும், சேர்த்தால் தளரும். நக்கிளில் ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்து, அது திரும்பத் தேவைப்படும் விசையை மேனுவல் சொல்லும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கைக்கணக்கு இங்கே வேலைக்காகாது.

அப்புறம், கையோடு கையாக இரண்டு ஆக்ஸிலிலும் காற்று போய்வரும் பிரீதர் குழாயையும் பானட் உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

டேம்பர் பழையதேதான். 80 வரை ஓட்டிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. ஸ்டீயரிங் இணைப்புக் கம்பியின் முனையான டை ராடு எண்ட் ஒன்றில் மட்டும் லேசான லூஸ் இருக்கிறது, அது அடுத்த மாதம்.