புதுப்பிப்பு: அம்மாவின் வளையல் கிடைத்துவிட்டது

போன வாரம் புலம்பினேனே, விமான நிலையச் சோதனையில் கைப்பையைக் கொட்டிக் கிளறியபோது அம்மாவின் வளையல் காணாமல் போனதென்று? யாரும் எடுக்கவில்லை. பையின் கிழிந்த உள்துணிக்குள் நழுவியிருக்கிறது! கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் தையல்கடை அண்ணன் துணியைப் பிரித்ததும் சம்பல் வாசனையோடு வந்து விழுந்தது. (அக்கா போலீஸ் புகார் கொடுக்கச் சொன்னார். நல்லவேளை, சோம்பலில் நான் போகவில்லை.)

சோதனையில் என் பையை நிறுத்த வைத்ததே உள்ளே இருந்த சம்பல் போத்தல்தான். சம்பல் கொஞ்சமே இருந்தாலும், கைப்பையில் வைக்கும் போத்தலின் கொள்ளளவு 100 மில்லியைத் தாண்டக்கூடாதாம். இனி சம்பல் செக்-இன் செய்யும் பெரிய பெட்டியில். பவர்பேங்க் மட்டும் கைப்பையில்தான், அதைப் பெட்டியில் போட விடமாட்டார்கள். நகையெல்லாம் ஜிப் வைத்த குட்டிப் பைக்குள். பையைத் திறந்தால் பக்கத்திலேயே நின்று பார்ப்பேன், திரும்ப நானே அடுக்குவேன். அன்று போனைத் தேடிக்கொண்டிருந்தேன், அதான் வினை.