உங்கள் ஊர் கவுன்சிலரோடு மறக்க முடியாமல் போன சம்பவம் உண்டா? (வேல்ஸ்காரர்கள் வாருங்கள்)

மழைக்கோட்டு:

2026 மே மாத செனெத் தேர்தலுக்காக, அதாவது வேல்ஸ் சட்டமன்றத் தேர்தலுக்காக, மறுபடி வீடு வீடாகக் கதவைத் தட்ட ஆரம்பித்திருக்கிறார்கள், 60 பேர் இருந்த சபை 96 ஆகிறதாம். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் எனக்கு ஒரே ஒரு ஆள் ஞாபகம்தான் வருகிறது, அதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

2022 மே கவுன்சில் தேர்தல் சமயம். நாங்கள் இருப்பது பிரெக்கன் மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர். மாதத்தின் முதல் ஞாயிறு ஊர்க்காரர்கள் சேர்ந்து வயல்பாதைகளில் நடை போவோம், அதற்கு முன்னால் போகிறவர் வார்டு கவுன்சிலர். எழுபதை நெருங்கிய சுயேச்சை. கோட்டுப் பையில் எப்போதும் செடி வெட்டுகிற கத்தரி ஒன்று இருக்கும். பாதையில் முள்கொடி குறுக்கே வந்தால் பேச்சை நிறுத்தாமலே ஒரு வெட்டு வெட்டிவிட்டு நடப்பார். கொரோனா கட்டுப்பாடு தளர்ந்து 2021 கோடையில் நடை மறுபடி தொடங்கியதிலிருந்து நான் அவர் பின்னாலேயே போனேன். ஆட்டுக்குட்டி, பஸ் நிறுத்தம், அவர் மனைவியின் முழங்கால் என்று எல்லாம் பேசியிருக்கிறோம், ஓட்டைப் பற்றி மட்டும் பேசியதே இல்லை.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தார். பூட்ஸ் முழுக்கச் சேறு, அதனால் உள்ளே வரமாட்டேன் என்று வாசல் மிதியடியிலேயே நின்றார். நான் ஏதோ பெரிய மனது காட்டுவது போல, "உங்களுக்குத்தான் போட்டிருப்போம், ஆனால் நாங்கள் விசாவில் இருக்கிறோம், எங்களுக்கு ஏது ஓட்டு" என்றேன். "இந்தியப் பாஸ்போர்ட்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காமன்வெல்த் ஆட்களுக்கு வந்த நாளிலிருந்தே ஓட்டு உண்டே என்றார். பெயர் சேர்க்கக் கடைசி நாள் ஏப்ரல் 14. அதாவது அதற்கு முந்தின வியாழக்கிழமை. கோபமாகச் சொல்லவில்லை. கையிலிருந்த நோட்டீஸ் கட்டில் ஒன்றைப் பாதி உருவியிருந்தார், அதை மெதுவாக மறுபடி உள்ளே செருகிக்கொண்டார். அவ்வளவுதான். அந்தச் செருகல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இரண்டு ஓட்டில் தோற்றார். எங்கள் வீட்டில் நானும் மனைவியும், இரண்டு ஓட்டு.

அப்புறம் டிராயரைத் திறந்தால் வாக்காளர் பதிவுக் கடிதம் இருக்கிறது, கவுன்சில் டாக்ஸ் (வீட்டு வரி) சமாசாரம் என்று நினைத்து கரண்ட் பில்லோடு போட்டு வைத்திருக்கிறேன். ஜூன் 5 நடைக்குப் போகவில்லை, ராணியின் பிளாட்டினம் விழா விடுமுறை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஜூலையில் போனேன். பதவி போனாலும் நடைக்கு அவர்தான் முன்னால். ஒரு கேட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் உள்ளே விட்டார், கடைசியாக என்னையும் விட்டார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நைட்டூட்டி அக்கா:

தம்பி, உன் கதையாவது தெரியாமல் நடந்தது. என்னுடையது வீம்பு.

2024 ஜூலை 4, பொதுத்தேர்தல். பன்னிரண்டு மணி நேர நைட் முடித்துவிட்டு யூனிஃபார்மோடு நேராக வாக்குச்சாவடிக்குப் போனேன், எங்கள் பகுதிக்குச் சாப்பல் பின்னாலுள்ள ஹால்தான். போட்டோ ஐடி கேட்டார்கள், ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினேன், அது செல்லாதாம். பாஸ்போர்ட் வீட்டில். வாசலில் எங்கள் கவுன்சிலர் அம்மா கட்சி நிற ரிப்பன் பூ (ரோசெட்) குத்திக்கொண்டு, வருகிறவர்களின் வாக்காளர் நம்பர் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காரில் ஏறு, பத்து நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்" என்றார். அந்தக் கட்சிக்கு நான் போடப் போவதில்லை, அவர் காரில் எப்படி ஏறுவது? வேண்டாம், நடந்தே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய், பூட்ஸைக் கழற்ற சோபாவில் உட்கார்ந்தேன். கண் விழித்தபோது ராத்திரி பத்தேகால். சாவடி பத்து மணிக்கே மூடியாயிற்று.

மறுவாரம் கூப் கடையில் பார்த்தபோது, "போட்டாயா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். போட்டேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் உறுத்துகிறது, ஓட்டு கூட இல்லை.

கணக்குப்புலி:

மழைக்கோட்டு நண்பரே, கணக்கு உதைக்கிறதே. இரண்டு ஓட்டில் தோற்றவருக்கு நீங்கள் இரண்டு பேரும் போட்டிருந்தால் அவர் ஜெயித்திருக்க மாட்டார், சமமாகியிருக்கும். சமமானால் தேர்தல் அதிகாரி சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு சொல்வார், சட்டமே அப்படி. ஆக உங்கள் குற்ற உணர்ச்சியில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடலாம். அதோடு உங்கள் மனைவியும் அவருக்குத்தான் போட்டிருப்பார் என்று நீங்களே எப்படி முடிவு செய்தீர்கள்? அவரைக் கேட்டீர்களா?

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு யாரும் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். ஐடி கேட்பது வெஸ்ட்மின்ஸ்டர் (பிரிட்டன் நாடாளுமன்ற) தேர்தலுக்கும் போலீஸ் கமிஷனர் தேர்தலுக்கும் மட்டும். வேல்ஸில் கவுன்சில் தேர்தலுக்கும் செனெத் தேர்தலுக்கும் ஐடியே தேவையில்லை, பட்டியலில் பெயர் இருந்தால் போதும். 16 வயதானால் ஓட்டு, காமன்வெல்த்தில் இல்லாத நாட்டுக்காரராக இருந்தாலும் சட்டப்படி இங்கே குடியிருந்தால் ஓட்டு.

என் அனுபவம் சின்னது. ஆஃபா டைக் என்கிற நடைபாதையில் ஒரு வயலுக்குள் காளை நின்றது, நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன், எதிர்த் திசையில் வந்த ஒரு பெண்மணி அதன் முதுகைத் தட்டிவிட்டு நடந்து வந்தார், அவர்தான் அந்த வார்டு கவுன்சிலர் என்று பிறகு தெரிந்தது.

நடக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1981ஆம் வருடச் சட்டப்படி பொதுப்பாதை குறுக்கே போகிற வயலில் பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால்மாட்டு இனக் காளையை விடக்கூடாது. ஃப்ரீஷியன், ஜெர்ஸி இதெல்லாம் அந்த வகை. மற்ற இனமென்றால் பசுக்களோடு சேர்ந்து நிற்கிறதா பாருங்கள், தனியாக நின்றால் அதுவும் தப்பு. பாதை அடைத்திருந்தாலோ வேலிப் படி உடைந்திருந்தாலோ ஊர் மன்றத்திடம் போய்ச் சண்டை போடாதீர்கள், பொதுப்பாதை கவுண்டி கவுன்சில் பொறுப்பு. ஓ.எஸ். எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சைக் கோடு போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு கட்ட எண்ணைக் குறித்து, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். மஞ்சள் அம்பு நடப்பவருக்கு, நீல அம்பில் குதிரையும் சைக்கிளும் வரும். ஆடுகள் குட்டி போடும் காலத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். பூட்ஸ் வாங்கும்போது தடிச்ச சாக்ஸ் போட்டுக்கொண்டு போய்

(நீளமாகிவிட்டது, பூட்ஸ் பற்றித் தனியாக எழுதுகிறேன்.)

தெருவிளக்கு:

புலி சார், தயவுசெய்து எழுத வேண்டாம்.

நான் இருப்பது க்வினெத் கவுண்டியில். இங்கே கவுன்சில் வேலையே வெல்ஷ் மொழியில்தான் நடக்கும். எங்கள் சந்தில் ஒரு விளக்கு அணைந்து ஐந்து மாதம், மனைவி நர்ஸ், இருட்டில்தான் இறங்கி வருவாள். ஊர் மன்றக் கூட்டத்துக்கே போய்விட்டேன். பன்னிரண்டு பேர், ஒரு தட்டில் பாரா ப்ரித் (உலர்பழ ரொட்டி), எல்லாரும் வெல்ஷ். ஒரு பெரியவர் காதில் மாட்டுகிற ஹெட்செட்டைக் கொண்டுவந்து கொடுத்தார், மொழிபெயர்ப்பாளர் ஒரு மூலையில் கிசுகிசுவென்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். முக்கால் மணி நேரம் கல்லறைப் புல் வெட்டுகிற விஷயத்தை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். சரியாக என் விளக்கு வந்தபோது பேட்டரி போய்விட்டது.

நான் ஹெட்செட்டைத் தட்டுகிறேன், குலுக்குகிறேன். அவர்கள் விவாதிக்கிறார்கள். ஒருவர் கோபமாக ஏதோ சொன்னார், இன்னொரு அம்மா என்னைக் காட்டி ஏதோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், பிறகு கை தூக்கினார்கள். நானும் தூக்கிவிட்டேன். எனக்கு அங்கே ஓட்டே இல்லை! யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் விளக்கு எரிந்தது. அன்றைக்கு அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்கத்தான் வெல்ஷ் வகுப்பில் சேர்ந்தேன், இன்னும் கேட்கிற அளவுக்கு வரவில்லை.

ஆற்றோரம்:

பான்டிப்ரீத் பக்கம். ஊருக்குள் பெரும்பாலான ரோடுகளில் மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது என்கிற 20 மைல் சட்டம் 2023 செப்டம்பர் 17இல் வந்தது. அதை எதிர்த்துக் கையெழுத்துப் போட்ட கிட்டத்தட்ட 4,70,000 பேரில் நானும் ஒருவன், இன்றைக்கும் போடுவேன், அதைப் பற்றி இங்கே யாரும் என்னோடு வாதாட வேண்டாம்.

2024 ஜூனில் கவுன்சிலர் கட்சிக்காக ஓட்டுக் கேட்டு வந்தார். பிடித்துக்கொண்டேன். அது கார்டிஃபில் செனெத் போட்ட சட்டம், விதிவிலக்கு எந்த ரோட்டுக்கு என்பது மட்டும்தான் கவுன்சில் கையில் என்று பொறுமையாகச் சொன்னார். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதானே என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சத்தமாகவே சாத்தினேன்.

நவம்பரில் பெர்ட் புயல். ஞாயிற்றுக்கிழமை காலை டாஃப் ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. 2020இல் டென்னிஸ் புயலில் பட்டவர்கள் மறுபடி பட்டார்கள். தண்ணீர் வடிந்தபின் கதவு தட்டுகிற சத்தம். கண்ணாடி வழியே அதே ஆள். ஓட்டுக் கேட்கத்தான் இந்த நேரத்தில் வந்திருக்கிறார் என்று ஒரு நிமிஷம், முழு ஒரு நிமிஷம், திறக்காமல் நின்றேன். திறந்தால் கையில் மண்வெட்டி, தொடை வரை சகதி. "உங்கள் பின்கட்டு எப்படி இருக்கிறது?" என்றார். பக்கத்து வீட்டுப் பாட்டியின் கார்ப்பெட்டை உருட்டி வெளியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். டீ கொடுத்தேன். கதவைச் சாத்தியது பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. 20 மைல் மட்டும் தப்புதான்.

மழைக்கோட்டு:

கணக்குப்புலி, உங்களைத் திட்டத்தான் லாகின் செய்தேன். ஆனால் நேற்று ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் கேட்டுவிட்டேன், அப்போது பெயர் இருந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பாய் என்று. கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "ஜெயித்தாரே அந்தப் பொண்ணுக்குத்தான். பாப்பாவின் ஸ்கூல் பஸ்ஸுக்கு அலைந்தது அவர்தானே, உங்கள் ஆள் முள்ளு வெட்டிக்கொண்டுதானே இருந்தார்" என்கிறாள். அப்படியென்றால் ஆளுக்கு ஒன்று, வித்தியாசம் அதே இரண்டு.

நாலு வருடம்!

2027 மே கவுன்சில் தேர்தலில் மறுபடி நிற்கலாமா என்று அவர் யோசிக்கிறாராம். வருகிற ஞாயிறு நடை இருக்கிறது. இதை அவரிடம் சொல்லலாமா, சொன்னால் எந்த இடத்தில் சொல்வது, மனைவியும் இந்த முறை வருகிறேன் என்கிறாள்.