மார்ச் 1772 என்றிருந்தால் போலியா?

நிலாவெளி நண்டு:
திருகோணமலையில் ஒரு பழைய சாமான் கடையில் பித்தளைப் பதக்கம் ஒன்று வாங்கினேன். ஒரு பக்கம் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் இரண்டு கப்பல்கள், ரெசலூஷன், அட்வெஞ்சர். ஆங்கிலக் கடலோடி கப்டன் குக்கின் இரண்டாம் பசிபிக் பயணத்துக்கானது. ஆனால் கீழே, ரோமன் எண்ணில், '1772 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டன' என்றிருக்கிறது. அவர் பிளிமத் துறைமுகத்தை விட்டது ஜூலை 13 அல்லவா?

உப்புக்காற்று:
போலிதான். அரசர் தலை போட்ட பதக்கத்தில் நாலு மாதம் பிழைக்குமா? குக் திருமலைப் பக்கமே வரவில்லை. இது மட்டும் எப்படி வந்தது?

பழங்காசு:
தம்பி, அந்தப் பிழைதான் இதன் அழகே. இதை பர்மிங்ஹாமில் மத்தியூ போல்டன் பட்டறையில் செய்வித்தவர் ஜோசப் பாங்ஸ், குக்கின் முதல் பயணத்தில் கூடப் போன இயற்கை ஆய்வாளர். மார்ச்சில் புறப்படுவதாகத்தான் திட்டம். பாங்ஸ் தன் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் இடம் வேண்டுமென்று ரெசலூஷனில் மேல்தளம் கட்டுவித்தார். தலை கனத்துக் கப்பல் தள்ளாடியது. கட்டினதை எல்லாம் கழற்றினார்கள். அவர் கோபித்துக்கொண்டு பயணத்துக்கே போகவில்லை! பதக்கம் மட்டும் 'மார்ச்' என்றே போனது. சுமார் 2000 அடித்தார்கள், குக் அதைத் தீவு மக்களிடம் கொடுத்துக்கொண்டே போனார். நியூசிலாந்தில் சில கிடைத்திருக்கின்றன.

கோட்டைவாசல்:
கோணேசர் கோயிலை இடித்தவர்களின் பதக்கத்துக்கு இவ்வளவு பேச்சா?

பழங்காசு:
அது 1622இல், போர்த்துக்கேயர். இவர் ஆங்கிலேயர். சண்டையைச் சரியான ஆளோடு பிடியுங்கள்.

உப்புக்காற்று:
சரி, மார்ச் விஷயத்தில் நான் தோற்றேன். ஆனால் அண்ணா, நகல் எடுக்கிறவன் பிழையையும் சேர்த்துத்தானே எடுப்பான்? 1957 வரை இங்கே பிரித்தானியக் கடற்படை இருந்தது. எந்த மாலுமியோ தன் ஊரில் வாங்கிய நினைவுப்பொருளை விட்டுப் போயிருப்பான். மார்ச் இருப்பதால் அசல் என்று ஆகாது.

பழங்காசு:
அது நியாயம். மன்னரின் கழுத்துக்குக் கீழே பி, எஃப் என்று இரண்டு எழுத்து இருக்க வேண்டும், போல்டனும் கூட்டாளி ஃபாதர்கிலும். அது இல்லாவிட்டால் பேச்சே வேண்டாம். இருந்தாலும் பூதக்கண்ணாடி எடுங்கள். அசல் அச்சில் அடித்தது, வார்த்தது இல்லை. பொட்டுப் பொட்டாகக் காற்றுக்குழிகளோ, விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடோ தெரிந்தால் அது வார்ப்பு. இந்த உலோகத்தை அப்போது 'பிளாட்டினா' என்றார்கள், பிளாட்டினம் இல்லை, பித்தளை வகைதான். யாராவது அதைச் சொல்லி விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள். முக்கியமாக, புளி, தேசிக்காய் எதுவும் படவிடக் கூடாது. காலத்தால் படிந்த அந்தக் கறுப்புத் தோல் போனால் பாதி மதிப்புப் போச்சு.

நிலாவெளி நண்டு:
எழுத்து இரண்டும் இருக்கின்றன. நன்றாகவே தெரிகின்றன, ஏனென்றால் நேற்றிரவு அம்மா குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்.

உப்புக்காற்று:
இனி இது போலியாக இருக்க வேண்டுமென்று கோணேசரிடம் நேர்ந்துகொள்ளுங்கள்.